கடைசித் திறமை

“பிள்ளையைத் தூக்கும்மா, சீக்கிரம்! பத்து நிமிஷத்துல வீடியோ குவைத் போகணும்” என்று செல்போனை நீட்டிப் பிடித்தபடி கத்தினான் ஏஜென்ட் ரூபன்.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காகித பயோடேட்டா செல்லாது. தெரிந்ததைச் செய்து காட்ட வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காட்டினாள் பவுலின்; சப்பாத்தி தேய்த்தாள். மிச்சம் குழந்தை வளர்ப்பு.

“யார் பிள்ளை இது?”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைண்ணே.”

குவைத் வீட்டம்மாவுக்கு ஒரே நிபந்தனை. வருகிறவளுக்குச் சொந்தப் பிள்ளை இருக்கக்கூடாது. இருந்தால் பாதியில் ஊருக்கு ஓடிவிடுவாளாம். புருஷன் போட்டுவிட்டுப் போன வீட்டில் அடுப்பு எரிய, பவுலினுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

பாயில் கிடந்து வீறிட்ட பிள்ளை, அவள் தூக்கியதும் கப்பென்று அடங்கியது.

“அடேயப்பா! போன வாரம் ஒருத்தி இரவல் பிள்ளையோட அரை மணி நேரம் மல்லுக்கட்டினா. நீ கில்லாடிம்மா! கேமராவைப் பார்த்துச் சிரி.”

சிரித்தாள். பிள்ளை அவள் மார்பில் முகத்தைப் புதைத்துத் தேடியது. அதன் முகத்தை மெல்லக் கேமரா பக்கம் திருப்பினாள்.

அனுப்புமுன் வீடியோவை ஓட்டிப் பார்த்த ரூபனின் விரல் நின்றது. படத்தைப் பெரிதாக்கினான். அவளுடைய நீல ரவிக்கையில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

“பிள்ளைக்கு எத்தனை மாசம்?” என்றான் தாழ்ந்த குரலில்.

“நாலுண்ணே.” முந்தானையை இழுத்து ஈரத்தை மூடினாள். “பால் குடுத்துட்டு வந்துடறேன். இன்னொரு தடவை எடுங்கண்ணே.”