இரண்டாவது ட்யூனர்

தையல் மேசையின் மேல் சாட்டிலைட் ரிசீவர் மூடியில்லாமல் கிடக்கிறது. பிற்பகல் வெயில் நேராக அதன் வயிற்றுக்குள் விழுகிறது. கழற்றிய திருகாணிகள், தையல்காரி குண்டூசிகளுக்கென்று வைத்திருக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய, சிக்னலைப் பிடிக்கும் ட்யூனர் இரண்டாவதாக ஒன்று வேண்டும். "இதெல்லாம் வீட்டுல மாட்டுற சமாச்சாரமா? புதுப் பெட்டி வாங்கிடுங்கம்மா" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "பார்த்து மாட்டும்மா, இருக்கிறதும் போயிடப் போகுது" என்று வெயில் எட்டாத மூலைக்கு டார்ச் பிடித்திருக்கும் புருஷன் முனகுகிறார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது எட்டிப் பார்க்கும் நாக்கு நுனி இப்போதும் உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. தீப்பெட்டி அளவு ட்யூனரை அதன் இடத்தில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துகிறாள். 'டக்'கென்று உட்காருகிறது. இரண்டாவது கேபிளையும் செருகி சுவிட்சைப் போட்டதும், டிவியில் சிக்னலைக் காட்டும் பச்சைக் கோடுகள் இரண்டு, ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு ஏறுகின்றன. புருஷன் அதற்குள் போனில் இருக்கிறார்: "அண்ணே, கடைக்காரன் என்னமோ சொன்னானே, நாங்களே மாட்டிட்டோம்!" அவள் சிரித்துக்கொண்டே, மூடியை மாட்டுவதற்காகப் பிளக்கைப் பிடுங்குகிறாள். தான் தைக்கும் ஒவ்வொரு சட்டையின் உள்பக்கத்திலும் அடையாளத்துக்குப் போடும் அந்தச் சின்னப் பூவை, ரிசீவர் மூடியின் உள்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் வரைகிறாள். "டார்ச் பிடிச்சவனுக்கு?" என்கிறார் புருஷன். பூவின் அடியில் ஓர் இலை முளைக்கிறது.