சிவப்பு அட்டை

"காரணமே சொல்லாம சிவப்பு அட்டை காட்டி வெளிய அனுப்புறான். இவன்லாம் ஒரு ரெஃப்ரியா?" ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் ராம்ப்ரஸாத்தின் குரல்பதிவு கொதித்தது.

"நம்ம கோச்சும் வாயைத் தொறக்கலியேபா" என்று எழுதினான் சந்தோஷ்குமார். முகம் பார்க்காமலே இரண்டு வருடமாக ஒரே கிளப்புக்காக மல்லுக்கட்டுகிறவர்கள்.

உடனே ராம்ப்ரஸாத் தனியாகச் செய்தி அனுப்பினான். "கரெக்டா சொன்னடா. ஃபைனல் பாக்க எங்க வீட்டுக்கு வந்துடு. வரதர் கோயில் மாட வீதி. நீ எந்தத் தெரு?"

"தாமல் கிராமம்பா, காலனி. பைக்ல வந்துடறேன்."

நீல டிக் விழுந்தது.

மறுநாள் சந்தோஷ்குமார் குழுவைத் திறந்தான். அட்மின் அவனை நீக்கியிருந்தான்.

காரணம் சொல்லவில்லை. அந்த ரெஃப்ரியாவது அட்டையை முகத்துக்கு நேராகக் காட்டினான்.