ரோட்டில் இறங்காத பிக்கப்

“இந்த வண்டிக்கு இங்க அனுமதி கிடைக்காதுங்க,” என்று கையை விரித்துவிட்டார் வாகனச் சோதனை அதிகாரி ஹெடா.

வண்டியைக் கொண்டுவந்த லுபோர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். லிப்னோவ் ஊர்ச் சோதனைக் கூடத்தின் வாசலில், இழுவை லாரியின் முதுகில் அந்த அமெரிக்க மின்சார பிக்கப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

“புத்தம் புது வண்டி மேடம். ஒரு கீறல்கூட இல்ல.”

“கீறல் வண்டிக்கு விழாது, எதிர்ல வர்றவனுக்குத்தான் விழும். விளிம்பைத் தொட்டுப் பாருங்க, கத்தி மாதிரி இருக்கு. ஐரோப்பாவுல இது செல்லாது.”

“விளிம்புல ரப்பர் ஒட்டிட்டா?”

“புலிக்குக் கையுறை மாட்டுற கதைதான். மோதினா இந்த எஃகுத் தகடு நசுங்காது, ஆள்தான் நசுங்குவான்.”

“அப்ப வித்துடறேன்.”

“ஓட்ட முடியாத வண்டியை யாருங்க வாங்குவா?”

“இது வந்ததும் பழைய காரைத் தங்கச்சி மகளுக்குக் குடுத்துட்டேன் மேடம். வீட்டுக்காரிக்கு முட்டிவலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். ‘யார் பாக்கப் போறா, சும்மா ஓட்டுங்க’ங்கறா. எனக்குத்தான் மனசு வரலை.”

“இவ்வளவு பயப்படுறவர் எதுக்குங்க இதைப் போய் வாங்கினீங்க?”

“நான் எங்க வாங்கினேன்? பரிசா வந்தது.”

“பரிசா?” ஹெடா வாய்விட்டுச் சிரித்தார். “எந்தப் புண்ணியவான் குடுத்தான்?”

லுபோர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நம்ம ஊர்ச் சாலைப் பாதுகாப்புச் சங்கம் மேடம். பஸ் ஓட்டின காலம் பூரா நான் ஒரு விதியைக்கூட மீறலையாம்.”