அடைக்காத துளை

காலையில் எழுந்து பல் தேய்த்தேன். டீ போட்டுக் குடித்தேன். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவது என் தொழில். போன மாதம் வரை மனைவியும் கூட வருவாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் துளை வழியே கேபிளைத் தள்ளுவேன். நுனி கைக்கு வந்ததும் அவள் இரண்டு முறை வெடுக்கென்று இழுப்பாள்.

இன்று தனியாகத்தான் தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு முறை இழுபட்டது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அந்த அறையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல்கூட இல்லை. திரும்பி வந்து கேபிளைத் தொட்டேன். மறுபடியும் இரண்டு.

"என்னப்பா, சுவத்தோட குடும்பம் நடத்துறியா? தீ பரவாம இருக்க ஓட்டைய அடைச்சாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். சீக்கிரம் பூசு," என்றார் சூப்பர்வைசர்.

பூச்சுக் கலவை கையிலேயே இறுகிவிட்டது. துளையை அடைக்கவில்லை. கேபிளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில், நான் கேன்டீனுக்குப் போன பத்து நிமிஷத்தில் அவள் போய்விட்டாள். நான் கிளம்பும்போது கடைசியாகச் சொன்னாள்:

"போய்ச் சாப்பிட்டு வா. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"