குஞ்சோடு வந்த விரால்

அப்பாவின் வலை நிறைய, யாரோ அழகுக்கு வளர்த்துச் சலித்து ஏரியில் கொட்டிய தொட்டிமீன்களின் வம்சம். நடுவே ஒரே ஒரு விரால். அதன் குஞ்சுகள் தாயைத் தேடிக் கரையோரம் சிவப்பாய் மொய்த்தன. குஞ்சுள்ள விராலைப் பிடிக்காமல் விட்டுவிடுவது அவர் வழக்கம். விராலைக் கையில் எடுத்துத் தண்ணீரில் விடப் போனவரை ஏரிக் காவலர் தடுத்தார்.

“வெளிமீனை உள்ள விடக் கூடாது, பெரியவரே.”

“விராலா வெளிமீன்?” என்றாள் மகள் பூவிழி. குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் விலங்கியலில்.

“இருபது வருசமா ஏரிப் பட்டியல்ல இல்லம்மா. தொட்டிமீன்தான் இப்ப நாட்டுமீன்.”

பேச்சு முடிவதற்குள் தொட்டிமீன்கள் குஞ்சுகளை விழுங்கத் தொடங்கின. பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கையிலிருந்து விராலைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டாள்.

“கேஸ் எழுதினா உனக்கு அரசாங்க வேலை கிடைக்காதும்மா.”

“எழுதுங்க சார். படிச்சு முடிச்சு நாலு வருசமாச்சு, கேஸ் இல்லாமலும்தான் கிடைக்கல.”