முந்திக்கொண்ட எதிரொலி

திரையில் தொலைதூரக் கோள் ஒன்றைச் சுற்றும் நிலவின் ஏரி கன்னங்கரேலென்று கிடக்கிறது. ரேடார் படத்தில் கரடுமுரடான தரை வெளுப்பாகத் தெரியும், வழுவழுப்பானது கறுத்துவிடும். அந்தக் கறுப்பின் நடுவே நகக்கண் அளவில் ஒரு வெள்ளைத் தீவு. போன முறை விண்கலம் கடந்தபோது அது இல்லை. புதுத் தீவு முளைத்த செய்தியை மூன்று மணிக்கு எங்கள் ஆய்வு மைய இயக்குநர் அறிவிக்கப்போகிறார். படம் சரிதான் என்று நான் போடவேண்டிய கையெழுத்துக்காக ஒரு காகிதம் மேஜைமேல் காத்திருக்கிறது, ஜன்னல் இடுக்கில் நுழைந்த வெயில் அதன்மேல் பட்டை பட்டையாக விழ. படத்தைச் சுத்தம் செய்து கொடுத்தவர் என் தங்கையின் கணவர். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பேனாவின் குமிழை அழுத்தி அழுத்தி விடுகிறார். டக், டக். நான் படத்தைப் பெரிதாக்குகிறேன். தீவின் புள்ளிகளும் மேல் மூலைக் குன்றின் புள்ளிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கின்றன. யாராவது நகலெடுத்து ஒட்டினாலொழிய, இரண்டு இடத்தில் புள்ளிகள் அப்படி விழவே விழாது. "சாப்பிட்டீங்களாக்கா?" என்கிறார். என்றைக்கும் இல்லாத அக்கறை. எனக்கு இங்கே வேலையே எதிரொலிகளைச் சந்தேகப்படுவதுதான். அனுப்பிய அலை தரையைத் தொட்டுத் திரும்ப நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே வந்து நிற்பது எதுவானாலும் பொய்யென்று தள்ளிவிடுவேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறேன்: "மாப்பிள்ளை, இந்தத் தீவுல நீங்க ஏதாவது..." பேனாச் சத்தம் நிற்கிறது. "இல்லவே இல்லக்கா." என் கேள்வி இன்னும் அவரைப் போய்ச் சேரவே இல்லை.