கூடவே வந்த நாட்காட்டி

அவன் என்டரைத் தட்டினான்.

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு," என்று தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான் சற்குணம். "போன வாரத்துக்கு ஏழு கொறஞ்சிருக்கு. எனக்கு இன்னும் ஒரு அம்பது நாள் கழிச்சுப் போடேண்ணே. கம்ப்யூட்டரு சொன்னா சூப்ரண்டு ஐயா கேப்பாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சிறையில் கணினி வகுப்பு. விடுதலைத் தேதியைக் கொடுத்தால் மிச்ச நாளைச் சொல்லும் புரோகிராம். அவன் எழுதியது.

பாடப் புத்தகத்தில் வேறு வழி இருந்தது. முதலில் ஒரு பேக்கேஜை, வேறு யாரோ எழுதிக் கட்டிவைத்த புரோகிராம் மூட்டையை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னது. தேதியை எப்படி எழுதினாலும் அதற்குப் புரியுமாம். 'வருகிற வெள்ளி' என்றாலும். 'மூன்று மாதம் கழித்து' என்றாலும்.

இங்கே இணையம் கிடையாது.

மனு போட்டுப் பார்க்க வருகிறவர்களின் பொட்டலம் போலத்தான் அதுவும். வாசலோடு நின்றுவிடும்.

"புரோகிராம் எழுதுற மொழியோடயே ஒரு நாட்காட்டி வருது. அது போதும். உள்ள என்ன இருக்குன்னு முழுசாப் பாருங்க," என்றிருந்தார் டீச்சர்.

முழுசாகப் பார்த்தான். ஏழு மாதம் பார்த்தான். 9999ஆம் ஆண்டு வரை அதில் நாள்கள் இருந்தன.

ஆனால் எண்களை மட்டுமே அது வாங்கிக்கொண்டது. ஆண்டு. மாதம். நாள்.

"எல்லாருக்கும் பாத்தாச்சு. உன்னுதப் போடுண்ணே," என்றான் சற்குணம்.

சொன்ன பிறகுதான் சற்குணத்துக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

புரோகிராம் எழுதியவனின் கைதிச் சீட்டில் விடுதலைத் தேதிக்கான கட்டத்தில் எண் இல்லை. ஒரு சொல்.

ஆயுள்.

வெளியில் இருக்கும் அந்தப் பேக்கேஜுக்கு இந்தச் சொல் புரியுமா என்று போன வாரம் டீச்சரிடம் கேட்டிருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மணி அடித்தது. ஒவ்வொருவராக வரிசைக்குப் போனார்கள்.

அவன் எழவில்லை.

ஆண்டு, 9999.

மாதம், 12.

நாள், 31.

என்டர்.

2912626.

ஒவ்வோர் இலக்கமாக, உதடு அசையப் படித்தான். பிறகு திரையை அணைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

அடுத்த செவ்வாய் ஏழு குறைந்திருக்கும்.